கோடி போட்ட முகம்

காதில் ஆபரேஷன் செய்தார்கள். வாய் கோணிக்கொண்டது. அவ்வளவுதான் விஷயம்.

உம்மைப் பார்த்து நான் சிரிக்கவில்லை, ஐயா. கோவில்பட்டியில் பஸ் கிளம்பினதிலிருந்து நீரும் பதிலுக்குப் பதில் சிரித்துக்கொண்டே வருகிறீர். மரியாதை தெரிந்த மனுஷர்தான். ஆனாலும் போதும், நிறுத்தும். இது சிரிப்பு இல்லை. இடது பக்கம் நரம்பு ஒழுங்காக இழுக்கிறது. வலது பக்கம் இன்னும் முழுசாக வந்து சேரவில்லை. அதனால் பார்க்கிறவனுக்கு நான் எந்நேரமும் நக்கலாகச் சிரிப்பதுபோலத் தெரியும். வாழ்நாளெல்லாம் சிரிக்காத மனுஷனுக்குக் கிடைத்த பரிசு.

சிரிக்காததற்குக் காரணம் உண்டு. நான் பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவன். இதே ரூட்டுதான். நான் படியில் கால் வைத்தால் டிக்கெட் எடுக்காதவன் தானாக எழுந்து கண்டக்டரிடம் போவான். கண்டக்டருக்குப் பை நழுவும். வாயால் ஒன்றும் கேட்க மாட்டேன். முகம் கேட்கும். சிரிக்கிற செக்கிங்கை எவன் மதிப்பான்? எங்கள் கல்யாண போட்டோவில்கூட நான் யாரிடமோ டிக்கெட் கேட்பதுபோலத்தான் நிற்பேன். வீட்டில் அதைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லுவாள், "இன்னும் பைன் போடலையா?" என்று. அவளுக்கு வாய் அதிகம்.

முகம் வேலை செய்தது. காதுதான் கெட்டது. வலது காது. சின்ன வயசிலிருந்தே ஒழுகும். பஞ்சு வைத்துக்கொள்வேன். கொஞ்சம் வாடை உண்டு. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது அந்தக் காதை மறைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சாத்தூர்ச் சம்பந்தம். மாப்பிள்ளையின் அப்பா திருவேங்கடம், உரக்கடை வைத்திருக்கிறான். பூச்சிமருந்து விற்கிறவன் எல்லாவற்றையும் முகர்ந்து பார்ப்பான். அதனால் எப்போதும் அவனுக்கு வலது பக்கமாகவே உட்காருவேன். அப்பனுக்குக் காது அழுகல் என்று தெரிந்தால் பெண் எடுப்பானா? அது பரம்பரை வியாதி, பேரப்பிள்ளைக்கும் வரும் என்பான். கல்யாணம் நடந்து மூன்று வருஷம் வரைக்கும் மறைத்தேன். அப்புறம்... சரி, அதைப் பிறகு சொல்லுகிறேன்.

போன வருஷம் தலை சுற்றிக் கீழே விழுந்தேன். மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே ஒரு டாக்டர். தேன்மொழி என்று பெயர். பார்த்தால் காலேஜ் பஸ் பாஸ் கேட்கிற வயசு. காதுக்குள் குழாயை விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஐயா, உள்ள தோல் வளந்து எலும்பை அரிச்சுக்கிட்டு இருக்கு. விட்டா மூளைக்குப் போகும். ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும். முகத்துக்குப் போற நரம்பு அந்த எலும்புக்குள்ளதான் ஓடுது. ஜாக்கிரதையாத்தான் பண்ணுவேன். ஆனா சில பேருக்கு முகம் பலவீனமாகலாம். அதையும் இப்பவே சொல்லிடறேன்."

முன்கூட்டியே சாக்கு. நம்ம கண்டக்டர்கள் இப்படித்தான். வண்டி கிளம்புமுன்னே "சில்லறை இல்ல" என்பான்கள்.

ஆபரேஷன் நடந்தது. மயக்கம் தெளிந்ததும் முதல் வேலையாக என் முகத்துக்கு எதிரே வந்து நின்றாள். "கண்ணை இறுக்கி மூடுங்க. புருவத்தைத் தூக்குங்க. பல்லைக் காட்டுங்க." எவனுக்கும் காட்டாத பல். காட்டினேன். "சூப்பர், நரம்பு நல்லா இருக்கு" என்று தட்டிக்கொடுத்தாள். என்னை! தட்டிக்கொடுத்தாள்!

பாரும், அன்றைக்கு நன்றாக இருந்தது. அவளே சொன்னாள். பிறகு கோணியது என்றால் யார் மேல் தப்பு? மெதுவாக வேலை செய்கிற தப்பு. நான் எத்தனை கேஸ் பிடித்தவன், எனக்குத் தெரியாதா?

வீட்டுக்கு அனுப்பும்போது ஆயிரம் கட்டளை. மூக்கைச் சிந்தாதே. பாரம் தூக்காதே. தலைக்குத் தண்ணீர் ஊற்றாதே. காது வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் இழுத்தாலோ அன்றைக்கே ஓடி வா. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தலையாட்டவும் கூடாது என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமை என்றால் எண்ணெய்க் குளியல். விவரம் தெரிந்த நாளிலிருந்து விட்டதில்லை. மழையிலும் விட்டதில்லை, ஸ்டிரைக்கிலும் விட்டதில்லை. அதனால்தான் இந்த வயசிலும் கண்ணாடி இல்லாமல் டிக்கெட் நம்பர் படிப்பேன். நல்லெண்ணெயில் மிளகு தட்டிப் போட்டுக் காய்ச்சச் சொன்னேன். வீட்டில் மாட்டேன் என்றாள்.

"காதுல தண்ணி படக்கூடாதுன்னு அந்தப் பொண்ணு படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சே!"

"காதுலயா ஊத்தப்போறேன்? தலையிலதான."

"தலைக்குக் கீழதான காது இருக்கு?"

இப்படித்தான் வாயாடுவாள். நானே காய்ச்சினேன். நான் ஒன்றும் முட்டாள் இல்லை. ஜவுளிக்கடைக் கேரிபேக்கைக் காதின் மேல் கட்டிக்கொண்டுதான் வெந்நீர் ஊற்றினேன். கட்டு கொஞ்சம் நனைந்தது, அவ்வளவுதான். சீயக்காய் போட்டுத் தேய்த்து முடித்ததும் உடம்பு பஞ்சாகிவிட்டது. நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காதுக்குள் தெறித்தது. அதற்கு மறுநாள் காய்ச்சல். செவ்வாய்க்கிழமை காலையில் காப்பி குடித்தேன். பாதி உள்ளே போனது, பாதி வலது ஓரத்தில் வழிந்து வேட்டியில் விழுந்தது. கண்ணாடியைப் பார்த்தேன். முகத்தில் பாதி லீவு போட்டிருந்தது. வலது கண் மூடவில்லை. வலது கன்னம் தொங்கியது. இடது பக்கம் வாய் மேலே ஏறிக்கொண்டு இளித்தது.

ஆபரேஷன் செய்தவளை என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், போன் வருகிறது. திருவேங்கடத்தின் தாயார் காலமாகிவிட்டாள்.

உமக்கு எந்த ஊர்? எங்கள் பக்கத்தில் சம்பந்தி வீட்டுச் சாவு என்றால் கோடி கொண்டுபோக வேண்டும். புதுச்சேலை, மாலை, முன்னால் மேளம். நாலு தெரு பார்க்க நடந்துபோய்ப் பிரேதத்தின் மேல் போர்த்த வேண்டும். பெண் கொடுத்தவன் கோடி போடவில்லை என்றால் அந்தப் பெண் அந்த வீட்டில் தலை நிமிர முடியாது. வீட்டில் சொன்னாள், "முதல்ல மதுரைக்குப் போவோம், வாய் இழுத்தா அன்னைக்கே வரச் சொன்னாங்கள்ல" என்று. நான் சேலை எடுக்கக் கிளம்பினேன். நரம்பு எங்கே போய்விடப் போகிறது? கோடியை நாளைக்குப் போட முடியுமா?

காதுக் கட்டு தெரியக்கூடாது. தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

சாத்தூரில் தெருவை அடைத்துப் பந்தல். அதை நீர் மனசில் வாங்கிக்கொள்ள வேண்டும். நடுவில் பெஞ்சில் அந்த அம்மாளைக் கிடத்தியிருந்தார்கள். இடது பக்கம் ஆண்கள் எல்லாரும் நாற்காலியில். வலது பக்கம் பெண்கள் எல்லாரும் பாயில். நடுவே நான். முன்னால் மேளம், கையில் கோடி. இந்தப் பக்கம் நூறு பேர், அந்தப் பக்கம் நூறு பேர். எல்லாரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். வேறு எதைப் பார்ப்பார்கள்?

போர்த்தினேன். மாலையைப் போட்டேன். நிமிர்ந்தேன்.

"யோவ், சிரிக்காருய்யா!" என்றான் திருவேங்கடத்தின் தம்பி.

"தலைத்துண்டக்கூட எடுக்கல பாரு" என்றான் இன்னொருத்தன்.

திருவேங்கடம் எழுந்து என் முன்னால் வந்தான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "சம்பந்தி, மூணு வருசமா எங்க வீட்டு வாசல்ல ஒரு நாள் சிரிச்சதில்ல நீங்க. எங்கம்மா செத்துக் கெடக்கும்போது சிரிப்பு வருதோ?"

நான் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். பெரிய மனுஷி, புண்ணியவதி என்று சொல்லவேண்டும். உதடு ஒட்டினால்தானே வரும். என்னவோ குழறிக்கொண்டு வந்தது.

"குடிச்சிட்டும் வந்திருக்காரு" என்றான் தம்பிக்காரன்.

துண்டு, சிரிப்பு, சாராயம். ஒரே நாளில் மூன்று பட்டம். சர்வீஸ் முழுக்க ஒரு மெமோ வாங்காதவன் ஐயா நான்.

வாயைத் திறக்காமல் திரும்பி நடந்தேன். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது. அந்த ஒரு முறையை மட்டும் சரியாகச் செய்தேன்.

மறுநாள் மதுரை. அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள், கட்டைப் பார்த்தாள், கட்டை மோந்தும் பார்த்தாள்.

"எப்ப இழுத்துச்சு?"

"நேத்துக் காலைல."

"நேத்தே ஏன் வரல?"

"சம்பந்தி வீட்ல துஷ்டி."

"தலைக்குக் குளிச்சீங்களா?"

"குளிக்காம நாறிக்கிட்டு இருக்கவா?"

"எண்ணெய் தேச்சா?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பக்கத்தில் இருந்தவள் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள். மிளகு போட்டதுவரை. கேரிபேக் எந்தக் கடையுடையது என்பதுவரை. ஒரு மனுஷனுக்கு விரோதி வெளியில் இருந்து வர வேண்டியதில்லை.

டாக்டர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு கண்ணையும். பிறகு காதில் அடைத்திருந்ததை எல்லாம் வெளியே எடுத்தாள். சீழ். "நரம்பு அறுபடல ஐயா. ஆபரேஷன் அன்னைக்கு நல்லாத்தான் வேலை செஞ்சுச்சு. இப்ப உள்ள சீழ் கட்டி, நரம்பு வீங்கி நெருக்குது. மருந்து ஏத்துறேன். மெதுவாத் திரும்ப வரும். மாசக்கணக்காகலாம். அதுவரைக்கும் அந்தக் கண்ணைக் காப்பாத்தணும். சிமிட்ட மாட்டேங்குது, காஞ்சா புண்ணாயிடும். சொட்டு மருந்து விடுங்க, ராத்திரி டேப் ஒட்டித் தூங்குங்க."

எண்ணெய்க் குளியலால் சீழ் வந்ததாம். நல்லெண்ணெயால்! இவர்கள் படிப்பில் இப்படித்தான் எழுதியிருக்கிறது போலும்.  வாதாடலாம் என்றால் வாய்தான் குழறுகிறதே.

படுக்கையில் போட்டு ஊசியாகக் குத்தினார்கள். சீழ் வற்றியது. முகம் வரவில்லை. வீட்டுக்கு வந்தேன்.

இதற்குள் சாத்தூரில் தீர்ப்பு எழுதிவிட்டான் திருவேங்கடம். என் பெண் செண்பகம் அப்போது ஐந்து மாசம் முழுகாமல் இருந்தாள். "தலைப்பிரசவத்துக்கு அங்க அனுப்ப மாட்டேன். எங்க சாவைப் பாத்துச் சிரிச்ச வீட்ல எங்க பிள்ள பொறக்க வேண்டாம்" என்று மாப்பிள்ளை மூலமாகச் சொல்லி அனுப்பினான். மாப்பிள்ளை நல்ல பையன். அப்பன் சொல்லுவதை ஒரு எழுத்து விடாமல் சொல்லுவான்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே? ஒரே பெண். அவளுக்கு அம்மா கையால் கசாயம் கிடைக்காது. வளைகாப்புக்கு எங்கள் வாசலில் கோலம் கிடையாது. வீட்டில் அன்றைக்கு உலை வைக்கவில்லை.

"சொல்லிருவோம்ங்க. ஆபரேஷன்ல இப்பிடி ஆயிருச்சுன்னு ஒரு வார்த்தை."

"என்னன்னு சொல்லுவ? எங்க வீட்டு ஆம்பளைக்குக் காதும் அழுகல், நரம்பும் கோளாறுன்னா? நாளைக்குப் பிள்ளை ஒரு கண்ணச் சிமிட்டினாலும் அது தாத்தன் வழின்னுதான் சொல்லுவான். செண்பகத்தையல்லா இடிப்பான்?"

"இப்ப மட்டும் இடிக்காம கொஞ்சுதாரா?"

பதிலுக்குப் பதில். சொன்னேனே, வாய் அதிகம்.

செண்பகம் மொட்டை மாடிக்குப் போய் ரகசியமாகப் போன் போடுவாள். "அப்பா, ஒரே ஒரு தடவ நான் சொல்லிரட்டுமா? தினம் சின்னமாமா குடிகாரன் மகள்னு கூப்பிடுதாரு."

"சொன்னன்னா நீ என் மக இல்ல."

 மூக்கை உறிஞ்சினாள். "சரிப்பா."

அப்பன் சொல்லை மீறாத பெண். நான் வளர்த்த வளர்ப்பு. அவள் வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கே விவகாரம் முடிந்திருக்கும். திறக்கவில்லையே! எனக்கு அதில் பெருமைதான்.

அதற்குப் பிறகு வீட்டில் என்னோடு பேச்சில்லை. சோற்றுத் தட்டு வரும், சொட்டு மருந்து வரும், ராத்திரி கண்ணில் டேப்பும் வந்து ஒட்டும். வார்த்தை வராது. கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்த அமைதி. கிடைத்ததும் தூக்கம் போனது.

இதில் மச்சினன் வேறு. "இது முகவாதம் அத்தான், புறா ரத்தத்தைச் சூடாத் தடவினா ஒரே வாரம்" என்று ஒரு புறாவோடு வந்தான். வீட்டில் அவனையும் புறாவையும் சேர்த்து வாசலோடு அனுப்பினாள். அந்த ஒரு விஷயத்தில் அவளுக்கு என் புத்தி.

மதுரையில் பயிற்சி என்று ஒன்று கொடுத்தார்கள். தினம் மூன்று வேளை கண்ணாடி முன்னால் நிற்க வேண்டும். புருவத்தைத் தூக்கு. மூக்கைச் சுருக்கு. கன்னத்தை ஊது. கடைசியில் சிரி. வலது பக்கத்தை விரலால் தாங்கிக்கொண்டு மெதுவாகச் சிரி. எனக்கு, ஐயா! சிரிப்பே தெரியாதவனுக்குச் சிரிப்பில் டியூஷன். எங்கே ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு தூரம் போக வேண்டும், எந்த ஸ்டாப்பில் நிறுத்த வேண்டும், ஒன்றும் தெரியாது. எதிர்வீட்டு ஆள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சிக்கு வர வரக் கலகலப்பு" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டான்.

இரண்டு மாசம் ஒரு அசைவும் இல்லை. பிறகு ஒரு நாள் மூக்கோரம் லேசாகத் துடித்தது. யாரிடம் சொல்ல? பேச்சுதான் இல்லையே. அடுப்படி வாசலில் போய் நின்று மூக்கைச் சுருக்கிக் காட்டினேன். பார்த்தாள். கரண்டியை வைத்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என்ன அர்த்தமோ.

ஏழாம் மாசம் போய்விட்டது. எட்டில் வளைகாப்பு செய்ய மாட்டார்கள். ஒன்பது பிறந்தது. அதை விட்டால் ஆஸ்பத்திரிதான். சாத்தூரிலேயே பிறக்கும், நாங்கள் பஸ் ஏறிப்போய் ஊரார் மாதிரி எட்டிப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான் என்று முடிவாகிவிட்டது. அதுவும் உள்ளே விட்டால்.

ஒரு நாள் மத்தியானம். கண்ணாடி முன்னால் நின்று இளித்துக்கொண்டிருக்கிறேன். மின்விசிறிக் காற்றுக்கு வலது கண் பாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருக்கிறது. கண்ணாடிக்குள் எனக்குப் பின்னால் ஒரு பொம்பளை நிற்கிறாள். சம்பந்தியம்மாள். திருவேங்கடத்தின் பெண்டாட்டி. பக்கத்தில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு செண்பகம். கையில் சூட்கேஸ்.

அந்த அம்மாள் குரல் இன்னதென்றே அதுவரை நான் கேட்டதில்லை. அந்த வீட்டில் அவளுக்குப் பேச முறை வந்ததில்லை.

"ஒம்பது பொறந்துருச்சு அண்ணாச்சி. இவ வாசலையே பாத்துக்கிட்டு இருக்கா. கூட்டிக்கிட்டு வந்துட்டேன்."

"சம்பந்தி?"

"கடைக்குப் போயிருக்காக. வந்து வீட்ல தேடுவாக."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். 

வீட்டில் ஓடி வந்து பெண்ணைக் கட்டிக்கொண்டு, "வாங்க மதினி, உக்காருங்க மதினி" என்று காலைச் சுற்றுகிறாள். அந்த அம்மாள் உட்காரவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணாச்சி, எங்க அத்தைக்கு எட்டு வருசம் நான் பீ மூத்திரம் அள்ளுனேன். அவுக போனன்னைக்கு எனக்கு ஒரு சொட்டுத் தண்ணி வரல. எல்லாப் பொம்பளையும் என் மூஞ்சியத்தான் பாத்தாளுக, மருமக அழுறாளா இல்லையான்னு. நான் என்ன செய்ய? வந்தாத்தான? மேளம் கேட்டுச்சு, நீங்க வந்து கோடி போட்டீக. நிமிந்தீக. நாங்க வலது பக்கம்லா உக்காந்திருந்தோம். உங்க கண்ணுல இருந்து சொட்டுச் சொட்டா விழுது. தொடைக்கக்கூட இல்ல. ஒட்டும் இல்ல உறவும் இல்ல, அவுகளுக்காக ஒரு அந்நிய மனுசன் இப்பிடி அழுறாரேன்னு பாத்தேன். அப்பந்தான் எனக்கு ஒடஞ்சுச்சு. அதுக்கப்புறம் என்னை யாராலயும் அமத்த முடியல. ஆம்பளைக எல்லாம் நீங்க சிரிச்சீகன்னு சொன்னப்ப எனக்கு ஒண்ணும் புரியல. நாலு மாசமா வாயைத் தொறக்க எனக்குத் தைரியமும் வரல."

நான் செக்கிங்கில் இருந்தவன். ஓசியில் வருகிற எதையும் வாங்கமாட்டேன்.

"அது அழுகை இல்லம்மா" என்றேன். "நரம்பு. காதுல ஆபரேஷன். கண்ணு மூடாது. காத்துப் பட்டா ஒழுகும். இந்தா, இப்பவும் ஒழுகுதுல்ல? அன்னைக்கு நான் அழவும் இல்ல, சிரிக்கவும் இல்ல. திரும்பிப் போக எத்தன மணிக்கு வண்டின்னு யோசிச்சுக்கிட்டு நின்னேன்."

வீட்டில் தலையில் கை வைத்துக்கொண்டாள். செண்பகம் "அப்பா!" என்றாள்.

அந்த அம்மாள் என் முகத்தை வலது பக்கம் பார்த்தாள். ஒரு எட்டு நகர்ந்து இடது பக்கம் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குலுங்கிச் சிரித்தாள்.

"சரி, நரம்புன்னே இருக்கட்டும் அண்ணாச்சி. உங்களுக்கு வந்தது பொய்யாவே இருக்கட்டும். எனக்கு வந்தது நெசம்."

வலது கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டேன். 

சூட்கேஸை எங்கள் வீட்டுக்காரி கையில் கொடுத்துவிட்டு, செண்பகத்தின் போனை வாங்கிப் புருஷனைக் கூப்பிட்டாள். "நான்தான். கோவில்பட்டில இருக்கேன். ஆமா, கூட்டிட்டு வந்துட்டேன். கத்தாதீக, கடையில ஆள் இருப்பாக. உங்க சம்பந்தி அன்னைக்குச் சிரிச்சாருன்னு நீங்க சொல்லுதீக, அழுதாருன்னு நான் சொல்லுதேன். அந்தப் பக்கம் உக்காந்து நீங்க பாத்தீக, இந்தப் பக்கம் உக்காந்து நான் பாத்தேன். நாளைக்கு வந்து நேருக்கு நேரா உக்காந்து பாருங்க. அதுக்கப்புறமும் கோவம் இருந்தா என்னையும் இங்கயே விட்டுட்டுப் போங்க." வைத்துவிட்டாள். பிறகு ஒரு சொம்புத் தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடித்தாள்.  பேசிப் பழக்கம் இல்லை பாரும்.

மறுநாள் திருவேங்கடம் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றின சத்தத்திலேயே கோபம் தெரிந்தது. எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பார்த்தான். நானும் பார்த்தேன். என் இடது வாய் அவனைப் பார்த்து இளித்தது. வலது கண் அவனைப் பார்த்து அழுதது. காதில் ஆபரேஷன், நரம்பு என்று அவன் பெண்டாட்டி அடுப்படியிலிருந்து சொன்னாள். பிறகு எழுந்து எனக்குப் பின்னால் போய்க் காது மடலை முன்னால் மடக்கித் தழும்பைப் பார்த்தான். அடுப்படிப் பக்கம் திரும்பிப் பெண்கள் இருக்கிறார்களா என்று கவனித்தான். குரல் தாழ்ந்துவிட்டது.

"சீழா?"

"ஆமா."

"வாடை உண்டா?"

"உண்டு."

"எனக்கு இடது காது சம்பந்தி. இருவது வருசமா. அவளுக்குக்கூடச் சொன்னதில்ல. பூச்சிமருந்து வாடையில யாருக்கும் தெரியல."

அட பாவி! கல்யாணப் பேச்சு நாளிலிருந்து நான் ஒரு காதை மறைத்துக்கொண்டு உட்கார, அவன் ஒரு காதை மறைத்துக்கொண்டு உட்கார... அவன் ஏன் எப்போது பார்த்தாலும் சுவரோரமாக நாற்காலி போடச் சொல்லுவான் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. பரம்பரை வியாதி என்று பெண் வீட்டார் பின்வாங்கிவிடுவார்களோ என்று அவனுக்குப் பயமாம். கடைசியில் அவனே என்னிடம் கேட்கிறான், "பேரப்பிள்ளைக்கு வருமோ?"

"வராதுன்னு அந்த டாக்டர் பொண்ணு சொல்லுது" என்றேன். முதல் தடவையாக அவள் பேச்சை நம்பினேன்.

வளைகாப்பு எங்கள் வாசலில்தான் நடந்தது. அந்தத் தம்பிக்காரனும் வந்தான். சாப்பிட்டான். "மன்னிச்சுக்கிடுங்க, குடிகாரன்னு சொல்லிட்டேன்" என்றான். அன்றைக்கு அவன்தான் குடித்திருந்தான். பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கண்ணும் ஒழுங்காக மூடுகிறது. திருவேங்கடம் இரண்டு காதிலும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டான். நானும் அவன் போனபிறகு ஒரு தடவை பார்த்தேன்.

அதோ, டிரைவருக்குப் பின்னால் காதில் மப்ளர் சுற்றிக்கொண்டு தூங்குகிறானே, அவன்தான் திருவேங்கடம். இன்றைக்கு அவனுக்கு மதுரையில் அட்மிஷன். அதே டாக்டர். "அந்தப் பொண்ணு சரியில்ல, என் மூஞ்சியைப் பாரு" என்று சொல்லிவிட்டேன். "அப்ப வேற ஆள்ட்டப் போவமா?" என்றான். "வேற எவன்ட்டயும் போயிராத" என்றேன். குழப்பம் ஒன்றும் இல்லை ஐயா, அப்படித்தான். அறுத்துவிட்டால் அறுத்துவிட்டுப் போகட்டும், சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை மட்டும் விட்டுவிடாதே என்று அவனுக்குத் தனியாகவும் சொல்லியிருக்கிறேன். பொம்பளைகள் காதில் விழாமல்.

மாட்டுத்தாவணி வந்துவிட்டது. எழுந்திரும், நான் இறங்கவேண்டும்.

என்ன கேட்டீர்? கடைசியில் சரி பண்ணினது யார் என்றா? டாக்டர் ஊசி போட்டாள். நரம்பு அது இஷ்டத்துக்கு வந்தது, இன்னும் பாதி வரவேண்டும். அதையெல்லாம் சரி பண்ணினது என்று சொல்ல முடியாது. லேடீஸ் சீட்டில் பாரும். எங்கள் வீட்டுக்காரி சாய்ந்து தூங்குகிறாள், அவளுக்குத் தோளைக் கொடுத்துவிட்டுப் பிளாஸ்கை மடியில் பிடித்துக்கொண்டு ஒரு அம்மாள் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறாள், தெரிகிறதா? அந்தச் சம்பந்தியம்மாள்தான். பெயர் ஆவுடையம்மாள்.